வாட்டு அறை, இரவு ஷிப்ட்

கோத்தகிரி. மணி இரண்டே கால்.
ஆக்சிஜன் பதினொரு சதவீதம்.
ஆளில்லாத விண்கலத்தில் ஓர் அலமாரிக்குள்
மூச்சைப் பிடித்து நிற்கிறேன்.
கம்பளிக்குள்ளிருந்து இரண்டு விரல் மட்டும் வெளியே,
விசைப்பலகையில்.

முகமில்லாத ஏதோ ஒன்று
தரையை முகர்ந்துகொண்டு போகிறது.
மாடியில் கொழுந்து வாட்டும் விசிறிகளுக்கும்
கலத்தின் எந்திரத்துக்கும் ஒரே உறுமல்;
எது எதன் சத்தமென்று பிரிப்பதை
ஒரு மணிக்கே விட்டுவிட்டேன்.

பிறகு விசிறி நின்றது.
திரையில் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

டார்ச்சை எடுத்தேன். படியேறும்போது
உடம்பு தானாகக் குனிந்தது,
சுவரோடு ஒட்டியது,
மூலை திரும்புமுன் நின்று கேட்டது.

ஃபியூஸ்தான்.
மாட்டிவிட்டுத் திரும்பினால்
இந்தச் சரிவில் மாடி ஜன்னலும் தரைமட்டம்:
கண்ணாடியில் காட்டெருமையின் மூச்சு
படிந்து, விலகி, படிந்து.

இறங்கி வந்தபோது நான் செத்திருந்தேன்.
பாஸ் பண்ண மறந்திருக்கிறேன்.
கடைசி சேவ்,
பதிவேட்டில் கையெழுத்துப் போடுமுன்.