ஒரு ஆளுக்கு

தராசுக்கு முன்னால் வரிசை நகரவில்லை.
சாக்குக்கு மூன்று கிலோ கழிக்கிறார்கள், ஈரத்துக்காம்.
சேரம்பாடியில் மழை பெய்தால்
அது எங்கள் பற்றில் எழுதப்படும்.

நிவேதாவின் டிக்கெட்டை
சம்பள அட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.
ஆயிரத்து எழுநூறு.
அதைவிடக் குறைந்ததெல்லாம் ஏழே நிமிடத்தில்
தீர்ந்துபோச்சு என்றான் பந்தலூர் கம்ப்யூட்டர் கடைப் பையன்.
அவனுக்கு ஒரு நூறு.
பத்தாம் வகுப்பில் நானூறு எடுத்தால் கூட்டிப்போகிறேன் என்று
போன வருடம் வாய்விட்டவள் நான்தான்.
நானூற்றுப் பதினொன்று எடுத்தாள்.
பெரட்டுக்களத்தில் இடக்கையால் பந்து சுழற்றிப்
பையன்களை வீட்டுக்கு அனுப்புகிறவள்,
என்னையா விட்டுவிடுவாள்?

மூன்று நாள் முழுப் பேரு, ஓர் அரைப் பேரு,
சேர்த்தால் ஒரு டிக்கெட்.
"ரெண்டாக்கா?" என்றான் பையன்.
"ஒண்ணு."

கூடலூருக்குப் பஸ், ஊட்டிக்குப் பஸ்,
மேட்டுப்பாளையத்திலிருந்து ராத்திரி ரயில்.
டிக்கெட் எவ்வளவு என்றுதான் லயத்தில் எல்லோரும் கேட்டார்கள்.
பேரு விழாத மூன்று நாளை
ஒருத்தரும் கேட்கவில்லை.

சேப்பாக்கம் வாசலில் அவள் பையைக் கவிழ்த்தார்கள்.
சில்லறை கூடாது, எறிந்துவிடுவோமாம்.
நாற்பத்தாறு ரூபாய், எல்லாம் நாணயம்,
என் முந்தானைக்கு வந்தது.
எவர்சில்வர் பாட்டிலும் கூடாது.
எங்கள் மலையில் பிளாஸ்டிக் பாட்டிலோடு பிடித்தால் அபராதம்.
இங்கே எவர்சில்வரோடு பிடித்துவிட்டார்கள்.
இரண்டு பாட்டில் தண்ணீரோடு
நான் வெளியே, அவள் உள்ளே.

கொடி விற்கிறவர்களோடு நின்றேன்.
மதில் உயரம். வெளிச்சம் அதையும் தாண்டி.
அரை மணியில் பாஷை பிடிபட்டது:
ஒரே மூச்சாய் வெடித்தால் சிக்ஸர்.
'ஓ'வென்று எழும்பி நடுவில் ஒடிந்தால்
கோட்டருகே யாரோ பிடித்துவிட்டார்கள்.
அத்தனை ஆயிரம் பேரும் ஒன்றுமே சொல்லாவிட்டால்
நம்மாள் போய்விட்டான்.
அந்த ஒன்றுமில்லாததை ஆறு முறை கேட்டேன்.
கன்னத்தில் மஞ்சள் பூசிவிடும் ஃபர்ஹானா
"உள்ள போகலையா?" என்றாள்.
"போயிருக்கா" என்றேன்.
பையிலிருந்த வடையை இரண்டாகப் பிய்த்தாள்.

பதினொன்றரைக்கு வந்தாள் நிவேதா.
தொண்டை கட்டியிருந்தது.
என் கையிலிருந்த ஒரு பாட்டிலை மூச்சுவிடாமல் காலி செய்தாள்.
"எப்படி இருந்தாங்க?"
"கடுகு மாதிரி.
பாதி நேரம் பெரிய ஸ்கிரீனத்தான் பார்த்தேன்."
என் அடிவயிற்றில் அந்த ஆயிரத்து எழுநூறும்
ஒருமுறை புரண்டு படுத்தது.

சென்ட்ரலில் பேப்பர் விரித்து விடியவைத்தோம்.
காலை ரயிலில், ஜோலார்பேட்டை தாண்டி,
தூங்குகிறாள் என்று நினைத்தேன்.
"அம்மா,
யாரும் கத்தாதப்ப கவனிச்சேன்.
பேட்ல பந்து படுறது முதல்ல தெரியுது.
டொக்குன்னு சத்தம் கொஞ்சம் கழிச்சு வருது.
டிவியில ரெண்டும் ஒண்ணா வரும்.
அது பொய்யி."

அவ்வளவுதான் சொன்னாள். சேலம் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

இப்போது எதிர்ச் சரிவில்
யாரோ சில்வர் ஓக் கிளை கழிக்கிறான்.
கத்தி இறங்கி, அடுத்த வெட்டுக்கு
மேலே போன பிறகு வருகிறது
முதல் வெட்டின் சத்தம்.
இருபது வருடமாய் இந்தச் சரிவுக்கு எதிரேதான்
கொழுந்து கிள்ளுகிறேன்.

பத்தாம் தேதி சம்பளம்.
பதினொன்றாம் தேதி குழுவின் நோட்டோடு
லில்லிபாய் லயத்துக்கு வருவாள்.

என் சாக்கு ஏறிவிட்டது.
முள் ஆடி நிற்கிறது, பார்த்துவிட்டேன்.
சூப்பர்வைசர் இன்னும்
வாயைத் திறக்கவில்லை.