எல்லைக்கல் தெரியும்படி

எல்லைக்கல் தெரியும்படி எடுத்து வா
என்றது போராட்டக் குழு.
கல் இல்லாத படத்தைப் பார்த்தால்
எந்த மாநிலத்துக் குப்பை என்று
கோப்பு கேட்குமாம்.

கோபாலபுரம் சாவடிக்குத் தெற்கே
லாரிகள் சுற்றிக்கொண்டு நுழையும் தோப்புப் பாதை.
மூன்று இரவு மட்டைக் குவியலுக்குப் பின்னால் கிடந்தேன்.
கொசு, புளித்த கள் வாடை.
நான்காம் இரவு வந்தது,
மேலே கோழித்தீவன மூட்டை அடுக்கி.
ஃபிளாஷ் போடவில்லை. விடியட்டும்.

விடிந்தது.
ஊசி, குளுகோஸ் குழாய், ரத்தம் உலர்ந்த பஞ்சு.
மஞ்சள் பைகளை நாய்கள் பிரித்துக்கொண்டிருந்தன.
யார் மணிக்கட்டிலிருந்தோ வெட்டியெடுத்த பட்டை,
பால்பாயின்ட்டில் மலையாளம்.
எழுத்துக் கூட்டினேன்:
சுமங்கலா, ஐம்பத்திரண்டு, வார்டு நான்கு.
கவிழ்த்து வைத்துவிட்டுத்தான்
கேமராவைத் திறந்தேன்.
அவளா கொட்டினாள்?

ஆடுகளோடு வந்தாள் பாவாத்தாள்.
போன மாதம் சினையாடு செத்த இடத்தைக்
காலால் காட்டினாள்.
"குனிஞ்சு பொறுக்கற மாதிரி எடுக்காதீங்.
முன்ன வந்தவரு அப்படித்தான் எடுத்துப்போட்டாரு.
நாம் பொறுக்கறவ இல்லீங்.
ஆடு மேய்க்கறவ."
முந்தானையை இடுப்பில் செருகி
நிமிர்ந்து நின்றாள்.
லென்ஸை அவள் பார்த்த பார்வையில்
என் விரல்தான் ஆடியது.

சரி, கல்.
அது இருந்தது நானூறு அடி தள்ளி,
ஒரு முகத்தில் தமிழ், மறு முகத்தில் மலையாளம்,
உச்சியில் காக்கை எச்சம்.
ஒரே படத்தில் அடங்கவில்லை.
அகல லென்ஸ் மாட்டிப் பின்னால் போனேன்,
வாய்க்கால் வரைக்கும்,
வாய்க்காலுக்குள்ளும்.
கல் மிளகளவில் வந்து சேர்ந்தது.
கூடவே வலது ஓரம்
நான் கூப்பிடாமலே வந்தது தோப்பு கேட்,
பச்சைப் பெயின்ட்டில் பெயர்:
குழுத் தலைவரின் தகப்பனார்.

லாரிக்கு இவ்வளவு என்று
வாடகை பேசியிருக்கிறார்கள் போல.
பாவாத்தாளுக்குத் தெரியும்.
"உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள்,
ஆட்டைப் பார்த்துக்கொண்டு.

ஓரத்தை வெட்டிக் கொடு தம்பி,
கல் இருந்தால் போதும் என்றது
போனில் ஒரு குரல். கனிவான குரல்தான்.
அதே குரல் மேடையில்
'நம் மண்' என்று சொல்லும்போது
நானே கை தட்டியிருக்கிறேன்.

வெட்டவில்லை.
ஒரு பிரதி மனுவோடு கலெக்டர் ஆபீசுக்கு.
ஒன்று பாலக்காட்டில் நர்சாக இருக்கும் பிஜிலிக்கு,
பின்பக்கம் ஒரே வரி:
வார்டு நான்கு சுமங்கலா வீடு திரும்பினாரா?
பதில் வரவில்லை, இரண்டுக்கும்.

மூன்றாவது பட்டியில் தொங்குகிறது,
ஆட்டு மூச்சு பட்டுப் பட்டு நமுத்து.
நடுவில் பாவாத்தாள் நேராக நிற்கிறாள்.
கல்லும் கேட்டும்
ஓரங்களில் கொஞ்சம் வளைந்திருக்கின்றன.
அகல லென்ஸில்
அப்படித்தான் வரும்.