பதின்மூன்று மிதிகள்

கடன் விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
வீட்டு மராமத்து என்று எழுதினேன்.
வேறு என்ன எழுத?
காலால் வாசிக்கிற பேஸ் சிந்தசைசர், ஐயா,
எழுபதுகளில் செய்து நிறுத்தியது,
இப்போது மறுபடி செய்கிறார்கள்,
ஐந்நூறே ஐந்நூறு,
அதற்குமேல் ஒன்றுகூடக் கிடையாது என்றா?

பக்கப் பலகை அதே வால்நட்.
ஷூ முனையால் திருப்புகிற அளவுக்கு
அதே பெரிய குமிழ்கள்.
குளிரில் சுதி இறங்குகிற பழைய கோளாறைக்கூட
அப்படியே விட்டிருக்கிறார்களாம்.
அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.
கோளாறுக்கு மரியாதை தருகிறவன்
ஏமாற்றமாட்டான்.

எங்கள் குழுவில் பேஸ் வாசித்த சுரேந்திரன்
ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.
ஒரு வருஷமாகப் பாட்டு இருக்கிறது, தரை இல்லை.
ஹாலன் டிரம்ஸ், பகலில் கேரட் மண்டியில் எடைபோடுவான்.
எபனேசர் கிட்டார்.
நான் கீபோர்டு, இரண்டு கையும் வேலையில்.
கால்கள்தான் சும்மா கிடந்தன.

சும்மாவா?
இருபத்திரண்டு வருஷம்
மேட்டுப்பாளையம் கோத்தகிரி, கோத்தகிரி மேட்டுப்பாளையம்.
குஞ்சப்பனை வளைவில் எதிரே லாரி முளைத்தால்
தலைக்கு முன்னால் காலுக்குத் தெரியும்.
மூன்று மிதிகளில் பிழைப்பு நடத்திவிட்டேன்.
இன்னும் பத்துதானே.

மழை. லோடு வண்டிகளை மேலே விடவில்லை.
கூரியர்க்காரன் அடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போன் பண்ணினான்.
ஆக, என் பெட்டியை
என் பஸ்ஸிலேயே ஏற்றினேன்.
பதினெட்டு கிலோ.
மயில்சாமி எனக்கே லக்கேஜ் டிக்கெட் கிழித்தான்.
உள்ள என்னண்ணே?
மிதி.
மிதியடியா? இவ்வளவு பெருசா?

அரவேணு போகிற அம்மா ஒருத்தி
பெட்டிமேல் பீன்ஸ் மூட்டையை வைத்து
அதன்மேல் காலையும் வைத்துக்கொண்டார்.
என்னத்தைச் சொல்ல.
அன்றைக்குப் போட்ட மாதிரி மெத்தென்ற பிரேக்கை
என் சர்வீசில் போட்டதில்லை.
வாந்தி எடுக்கிற பையன்கூட
ஜன்னலோரம் தூங்கிப்போனான்.

டானிங்டன் வீட்டில்
பிரித்ததும் திருப்பிப் பின்புறம் பார்த்தேன்:
212 / 500.
சின்னப் பித்தளைத் தகடு, நாலு திருகு.
கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து
அதற்குள்ளேயே மங்கவைத்துவிட்டேன்.
சுவிட்சைப் போட்டு இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும்,
டிசம்பர் டீசல் மாதிரி,
சூடேறினால்தான் சொன்னபடி கேட்கும்.
காலுறையைக் கழற்றினேன்.
இடது கடைசிக் கட்டை. சி.

சத்தம் என்று சொல்லமாட்டேன்.
காதுக்கு வருமுன் முழங்காலுக்கு வந்துவிட்டது.
எவர்சில்வர் டம்ளர்கள்
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து முணுமுணுத்தன.
மேல் ஜன்னலில் கண்ணாடி ஒன்று
சட்டத்தைவிட்டுக் கழன்று நின்றது.
விண்ணப்பத்தில் எழுதியது
இப்போது பொய்யில்லை.

காலை எடுக்கவில்லை.
எவ்வளவு நேரமோ.

கதவு தட்டப்பட்டது.
பக்கத்து வீட்டுத் தவமணி, மப்ளரும் டார்ச்சுமாய்.
எட்டிப்பார்த்தாள், தெருவைப் பார்த்தாள்,
மறுபடி என்னைப் பார்த்தாள்.
பஸ்ஸை வீட்டுக்கே ஓட்டிட்டு வந்துட்டீங்களா?
எஞ்சினையாவது நிறுத்துங்க, புள்ள படிக்கிறா.

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்த வார்த்தை
உள்ளே உட்கார்ந்துகொண்டது.
மறுநாள் முதல் டிரிப். நியூட்ரலில் நிறுத்திக்
கண்ணை மூடினேன்.
ஸ்டியரிங் நடுங்கியது, சீட் நடுங்கியது,
இத்தனை வருஷமாய் என் முதுகெலும்புக்குக் கீழே
ஒருத்தன் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.
சி.
இல்லை, சி-க்குக் கொஞ்சம் கீழே.

டெப்போ புகார் நோட்டில் எழுதினேன்:
ஐடிலிங் ஏற்றவும்.
பீர் முகமது ஸ்பானரோடு வந்தான்.
எவ்வளவுண்ணே ஏத்தணும்?
அரைச் சுரம். அதுவும் முழுசா வேண்டாம்.

அவன் பதில் சொல்லவில்லை.
கிட்டே வந்து
என் வாயை முகர்ந்து பார்த்தான்.