ஒன்றேகால் லிட்டர்

ஏப்ரல் ஒன்பதிலிருந்து
பெட்ரோல் கணக்கு இடிக்கிறது.
திங்கள் கால் லிட்டர்,
செவ்வாய் அதற்குக் கொஞ்சம் கூட,
சனிக்குள் ஒன்றேகால்.

மாலையில் டேங்கை நிரப்பி
ஷெட்டைப் பூட்டுவது நான்.
காலையில் ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துத்
திறப்பது அவன்.
தரையில் ஒரு சொட்டு இல்லை.
சொட்டில்லாத இடத்தில்
எனக்கு ஓர் ஆள் தெரிந்தான்.

தீர்த்தன், நாகலூர்.
பங்களாவின் புல்வெளியை வெட்டுகிறவன்.
மச்சானிடம் ஒரு பழைய மொபெட் இருக்கிறதாம்;
போதுமே.
சிவப்பு மையில் எழுதினேன்:
குறைவு - தீர்த்தன்.
கூலியில் நூற்றிருபத்தைந்து பிடித்தேன்.

எண்ணினான்.
மறுபடி எண்ணினான்.
"மெஷின் கறுப்பாப் புகையுதுங்க" என்றான்.
பேச்சை மாற்றுகிறான் என்று
அதையும் மனசில் குறித்துக்கொண்டேன்.

கோடை விழாவுக்கு அறைகள் நிறைந்துவிட்டன.
பாதி வெட்டிய புல்லில்
நின்றுபோனது மெஷின்.
கயிற்றை இழுத்து இழுத்துத்
தீர்த்தனின் உள்ளங்கை தோலுரிந்தது.
பிறகு அவனும் வரவில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து தஸ்தகீர் வந்தார்,
முதல் பஸ்ஸில்,
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
ஒரே எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி.
டீ வேண்டாம் என்றார்.
இருபத்தோராம் நம்பர் ஸ்பேனர் கேட்டார்.

ப்ளக் வெளியே வந்தது
கரிச்சட்டியைத் துழாவிய விரல்போல,
ஈரமாய்.
வயர் பிரஷ்ஷால் தேய்த்தார்.
உடைந்த ஆக்ஸா பிளேடைச் செருகி
இடைவெளி பார்த்தார்.
பெட்ரோல் கேனைத் தூரமாய் வைக்கச் சொல்லிவிட்டு
ப்ளக்கை இரும்பில் சாய்த்து
கயிற்றை இழுத்தார்.
சில்வர் ஓக் நிழலில்
ஒரு நீலம், ஒரு நொடி.
"பொறி நல்லாத்தான் இருக்கு.
இவன் மேல தப்பில்ல" என்றார்.
ப்ளக்கைத்தான் சொன்னார்.

அடுத்து ஆயில் குச்சியை உருவினார்.
கோட்டைத் தாண்டி
விரல் உயரத்துக்கு நனைந்திருந்தது.
"ஆயில் ஊத்தினீங்களா?"
இல்லை.
"தானா ஏறுமா ஆயில்?"
குச்சியை என் மூக்கருகே நீட்டினார்.
பெட்ரோல்.

அடித்திருகைக் கழற்றி
பெயின்ட் டப்பாவில் வடித்தார்.
ஆயில் மாதிரியே இல்லை,
ரசம்போல் ஓடியது.
ஊற்றி அளந்தேன், ஸ்டோர் புத்தி.
கணக்குக்கு இன்னும் குறைகிறதே என்றேன்.
"மிச்சம் புகையாப் போச்சு.
கறுப்பாப் புகைஞ்சிருக்குமே,
யாரும் சொல்லலியா?"

மலையிலிருந்து மூடுபனி இறங்கி
எங்கள் இருவருக்கும் நடுவே
கொஞ்ச நேரம் நின்றது.
எனக்கு வசதியாக இருந்தது.

கார்பரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தார்.
மிதவைக்கு மேலே ஓர் ஊசி,
ஊசி உட்காரும் வாயில்
கடுகில் கால் பங்கு துரு.
"இதனால மூடவே இல்ல.
ராத்திரியெல்லாம் உள்ளுக்குள்ளயே
இறங்கியிருக்கு."
துருவை நகத்தில் எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
தும்மினால் போய்விடும்.

"ராத்திரி மெஷினை நிறுத்துறது யாரு?"
நான்.
"டேங்குக்கு அடியில டேப் இருக்கே,
மூடறதில்லையா?"

நோட்டில் அந்த வரியை அடித்தேன்.
அடித்த கோட்டுக்கு உள்ளே
பெயர் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் ஒண்டிக்கடையில் ஆளைப் பிடித்தேன்,
மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.
மெஷின் சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.
வந்தான்.
சட்டைப்பையில் நூற்றிருபத்தைந்தை
நாலாய் மடித்து வைத்திருந்தேன்.

அவன் கயிற்றை இழுத்தான்.
இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது,
புகையில் கறுப்பே இல்லை.
அந்தச் சத்தத்துக்குள்
சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லி முடித்தேன்,
வேகமாக,
ஒரு வார்த்தை விடாமல்.

தீர்த்தன் என் வாயைப் பார்த்தான்.
குனிந்து இஞ்சினை அணைத்தான்.
டேப்பைத் திருகி மூடினான்.
"என்னமோ சொன்னீங்களே,
என்னங்க?" என்றான்.