படிக்க மட்டும்

தை கடைசி வெள்ளி.
புதுவயல் பஸ்ஸில் வந்திறங்கி
என் கடை மாடிப்படி ஏறிய சேவுகப்பெருமாளுக்குச்
சட்டைப்பையில் பென்டிரைவ், புருவத்தில் தவிடு.

"ஒரே ஒரு பத்தியை மட்டும்
அகரவரிசையில அடுக்கிட்டேம்மா.
பேரெல்லாம் நகந்துருச்சு.
பணம் அங்கனயே நின்னுருச்சு."

சேமித்தும்விட்டார்.
புரட்டாசியில் நிறுத்திவைத்த ஏற்றுகூலி,
தையில் தருவதாகப் பேச்சு.
மூட்டை தூக்கும் நாற்பத்தொரு பேர்.
இப்போது யாக்கோபின் பாக்கி ஆண்டிச்சாமிக்கு,
ஆண்டிச்சாமியுடையது யாருக்கென்று
ஆண்டிச்சாமிக்கும் தெரியாது.
விடிந்தால் பட்டுவாடா.

என்னிடம் இருப்பது ஒரு நாள்.
ஆயுத பூசைக்கு மறுநாள்,
பெட்டியில் சந்தனம் உதிருமுன்
மில் கணினியின் வட்டு முழுவதையும்
ஒரே கோப்பாக எடுத்து வைத்திருந்தேன்.
முந்நூற்றிருபது ஜிபி.
காலியிடத்தையும் விடாமல்.

"அதை அப்படியே திருப்பிப் போட்டுருங்களேன்."

போடலாம்.
போட்டால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை
நான்கும் நடக்காத மாதங்கள்.
வந்த நெல் வந்த லாரியிலேயே திரும்பிப் போகும்.

"ஐயோ, வேணாம்."

லினக்ஸில் கருப்புத் திரை திறந்து
மவுண்ட் என்றேன்.
இது என்ன வகை என்றே தெரியவில்லை என்றது.
தெரியாதுதான்.
வட்டின் முதல் பைட்டில் குடித்தனம் தொடங்குவதில்லை;
முகப்பு தாண்டி, பட்டாலை தாண்டித்தானே வளவு.
எஃப்டிஸ்க்கைக் கேட்டேன்.
இரண்டாம் பகுதி தொடங்குவது
206848-ஆவது செக்டாரில்.
செக்டார் ஒன்றுக்கு 512 பைட்டு.
நான் கால்குலேட்டரைத் தேடுவதற்குள்
உதடு மட்டும் அசைய அவர் பெருக்கிவிட்டார்.
"பத்துக்கோடியே அம்பத்தொம்பது லட்சத்து
ஆறாயிரத்து நூத்தி எழுபத்தாறு."

சரிபார்த்தேன். சரி.
இந்த மனுஷன்தான்
ஒரு பத்தியை மட்டும் அடுக்கியவர்.

லூப். ஆஃப்செட். ஆர்.ஓ. — படிக்க மட்டும்.
எண்டர்.
திரை ஒன்றும் சொல்லவில்லை.
லினக்ஸிலும் மௌனம் சம்மதம்தான்.

உள்ளே புரட்டாசி.
தவிடு பில்கள். புது ஃபோல்டர் மூன்று.
முதலாளி மகள் நிச்சயதார்த்தப் படங்கள், தலைகீழாக.
'ராஜினாமா' என்று ஒரு கடிதம்;
அவர் அதைப் பார்க்காததுபோல் இருந்தார்,
நானும் இருந்தேன்.
அதற்கும் கீழே, எண்பத்து நான்கு கேபி,
ஏற்றுகூலி பாக்கி.

"எடுக்குமுன்ன ஒருதரம் பாத்துக்கிறேன்."
இருந்த இடத்திலேயே திறந்து கொடுத்தேன்.
விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினார்.
பேரும் பணமும் ஒரே வரியில்.
யாக்கோபு யாக்கோபிடம். ஆண்டிச்சாமி ஆண்டிச்சாமியிடம்.
பதினேழில் விரல் நின்றது.

அடைக்கலம். 4,150.

"இவன் கார்த்திகையிலயே திருப்பூர் போயிட்டான்.
வரியை எடுத்துட்டேன்."

மின்விசிறி இரண்டு சுற்று சுற்றியது.

"பாக்கி இல்லேன்னு நெனச்சுத்தான் எடுத்தேன்."

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"இங்கனயே அந்த ஒரு வரியை அழிச்சிற முடியுமா?"

நகலில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்,
இதில் முடியாது என்றேன்.
நம்பாமல் டிலீட்டை அமுக்கிப் பார்த்தார்.
இன்னொரு தரம், கொஞ்சம் பலமாக.
பதினேழில் அடைக்கலம்
பாக்கி இருந்தார்.

பென்டிரைவில் நகல் போட்டேன்.
இருநூறு ரூபாய் என்றேன்.
கீழே ஏழரை பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது.
நாளை மூடி வைக்கலாம் என்றில்லாமல்
அப்போதே அன்மவுண்ட் அடித்தேன்.

முடியாது, உள்ளே வேலை நடக்கிறது என்றது.

திரும்பிப் பார்த்தேன்.
மூடாத கோப்பின் முன்னால்
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில்
சேவுகப்பெருமாள்
எழுதிக்கொண்டிருந்தார், எழுத்தாலும் எண்ணாலும்,
நாலாயிரத்து நூற்றைம்பது மட்டும்.