பாடபேதம்

கிளாக்ஸ்விக் மீன் ஆலையில்
சாப்பாட்டு மணிக்குப் பதினோரு நிமிடம் இருக்கையில்
சுன்வா குழாய்க்குள் துப்பினாள்.
கோடு வரை எச்சில் வேண்டும். வாய் வறண்டிருந்தது.
எலுமிச்சையை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள் தாதி.
ஃபரோ தீவுகளில் எலுமிச்சை காய்க்காது.
ஆனாலும் நாக்கு ஊறியது.
அடுத்தவன் அண்ணன் ஹானுஸ்,
ரப்பர் பூட்ஸோடு.

ஏடு பெயர்த்தெழுதுகிறவன்
ஓரிடத்தில் கண்ணயர்ந்து ளகரத்தை லகரமாக்கினால்
அதைப் பார்த்து எழுதுகிறவனும்
அந்த லகரத்தையே எழுதுவான்.
எந்த ஏடு எந்த ஏட்டின் பிள்ளை என்று
பிழைதான் காட்டிக்கொடுக்கும்.
உடம்புக்குள்ளும் உண்டு
தாய் மட்டுமே தருகிற சிற்றேடு,
பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்து.
தகப்பன் மகனுக்கு மட்டும் தருவது வேறொன்று.

ஏழு மாதம் கழித்துத் தாள் வந்தது.
ஹானுஸின் தகப்பன்வழி நார்வேயின் மேற்குக் கரை.
இருவருக்கும் பொதுவான தாய்வழி
தெற்கே, அயர்லாந்துப் பக்கம்.
இந்தத் தீவுகளில் பெரும்பாலும் இதே கதைதான்.

"அப்போ உன்னைப் படகில் தூக்கிவந்தது நானா?"
ஹானுஸ் சிரித்தான்.
சுன்வா காட் மீனின் நடுமுள்ளை உருவிக்கொண்டிருந்தாள்.
"உன்னையும்தான் தூக்கிவந்தாய்.
தாளைச் சரியாகப் படி."

நதிமூலம் பார்க்காதே என்பார்கள்.
அங்கே நதியே இல்லை.
பாறை விளிம்பிலிருந்து நேரே கடலில் குதிக்கும் ஓடைகள்;
காற்று பலத்தால்
அவையும் மேல்நோக்கிப் பறக்கும்.

ஆயிரம் வருடத்துக்கு முன் அந்தப் பெண்
படகில் எங்கே உட்கார்ந்திருந்தாள்,
கை கட்டியிருந்ததா,
கையில் ஆட்டுக்குட்டி இருந்ததா,
யார் பேரையாவது சொல்லிக் கத்தினாளா,
தானே ஏறி
ஈரப் பலகையைத் துடைத்து உட்கார்ந்தாளா
என்பதற்கு எழுத்து இல்லை.

நாலாம் பக்கத்தில் ஓர் எண்.
அந்த இடத்தில் சுன்வாவின் குடும்பத்துக்கு மட்டும்
ஓரெழுத்து வேறு.
சோதித்த மற்ற யாரிடமும் அது இல்லை.
எந்தக் குளிர்காலத்தில், எந்தக் கருவறையில்
யார் கண்ணயர்ந்தார்களோ.

அடுப்படியில் நின்றபடி கணக்குப் போட்டாள்.
அம்மாவுக்குப் பெண் என்று இவள் ஒருத்தி.
இவளுக்கு மூன்று பையன்கள்.
மூவரிடமும் அந்த எழுத்து இருக்கும்,
மூவரிடமிருந்தும் யாருக்கும் போகாது.
கடைசி உருளைக்கிழங்குக்கு
மூவரும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
நடுவிலவன் ஜெயித்தான்,
வாய் பொசுங்க விழுங்கினான்.

கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தார்கள்:
உங்கள் மாதிரியைத் தொடர்ந்து பாதுகாக்கலாமா?
ஆம் என்ற கட்டத்தில் குறி போட்டு
உறையில் மடித்து வைத்தாள்.
கையிலிருந்த செதில் ஒன்றும்
தாளோடு ஒட்டிக்கொண்டு போயிற்று.