அரை மாத்திரை

கெமியார்வியில் ஜூன்.
இரவு பதினொன்றரைக்கும் வெயில்
எழுந்து போகத் தெரியாத விருந்தாளி.

நூலகப் பேருந்து ஓட்டும் வியெனோ
திரைச்சீலையின் இடுக்கில் ஊக்கு குத்திவிட்டு
அரை மாத்திரை விழுங்கினாள்.
தூங்கிப்போனாள்.

காலையில்
காப்பிக்குள் சாவிக்கொத்து.
கறுப்பு ரொட்டியில் பழைய நாணயம்.
இருமுறை பல் துலக்கினாள்;
பற்பசையிலும் தகரம்.

"சிலருக்கு அப்படித்தான், பயமில்லை,
சாயங்காலத்துக்குள் போய்விடும்"
மருந்துக்கடைக்காரி போனில் சிரித்தாள்.

ஏரி வளைவில் கியர் மாற்றும்போது
நாக்குக்கு ஞாபகம் வந்தது:
மைனஸ் இருபத்தெட்டு,
பள்ளிக்கூட ஊஞ்சல் கம்பி.
"நக்கிப் பார், இனிக்கும்" என்றான்
அண்ணன் உர்ஹோ.
ஒட்டிக்கொண்டது.
வெந்நீர்க் கெட்டிலோடு ஆசிரியை ஓடிவர
அவன்தான் எனக்கு முன்னால் அழுதான்
என்று வண்டியிடம் சொன்னாள்.

அப்புறம் உர்ஹோவுக்கு போன் செய்தாள்.
எடுக்கவில்லை. மரம் அறுத்துக்கொண்டிருப்பான்.

அன்றிரவு தூக்கம் தானாகவே வந்தது.
மீதி அரை, அட்டையிலேயே கிடந்தது.

மறுநாள்
காப்பி வெறும் காப்பி.
கோப்பையைக் கழுவி வைத்தாள்.
வாசலில் சற்று நின்றாள்,
தெருவில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு
பேருந்துச் சாவியை
ஒரு தரம் நக்கினாள்.